விதிப்புத்தகம் வடித்த துப்பாக்கி

1873ஆம் ஆண்டின் இறுதியில் 'நியூயார்க் ஹெரால்டு' நாளிதழ் வழியாக அமெரிக்கர்களுக்கு ஒரு சவால் வந்தது. விடுத்தவர் அயர்லாந்துத் துப்பாக்கிச் சங்கத்தைச் சேர்ந்த மேஜர் ஆர்தர் லீச். அந்த ஆண்டு கோடையில்தான் அவருடைய அணி விம்பிள்டனில் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் தோற்கடித்து, எல்கோ கேடயத்தை முதன்முறையாக வென்றிருந்தது. 800, 900, 1,000 கெஜ தூரங்களில் மோதிப் பார்க்கலாமா என்று கேட்டார் லீச். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். அயர்லாந்துக்காரர்கள் டப்ளின் ரிக்பி பட்டறையின் துப்பாக்கியோடு வருவார்கள். அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் செய்த துப்பாக்கியால்தான் சுட வேண்டும்.

சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருந்தது. ஆயிரம் கெஜம் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கென்றே செய்த போட்டித் துப்பாக்கி அமெரிக்கக் கடைகளில் கிடையாது. சவாலை ஏற்ற நியூயார்க் அமெச்சூர் ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர்களுக்கும் அந்தத் தூரத்தில் சுட்டுப் பழக்கமில்லை. ஆளைத் தேடுவதற்கு முன் ஆயுதத்தைத் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் உருவானதுதான், இன்றும் பாரம்பரியப் போட்டிகளில் சுடுகிறவர்கள் விரும்பி வாங்கும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி.

நெடுந்தூரக் குறிபார்த்தல் விளையாட்டாக மாறியது பிரிட்டனில். அங்கே 1859இல் தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் விம்பிள்டன் மைதானத்தில் நடந்த முதல் போட்டியைத் தொடங்கிவைத்தவர் விக்டோரியா மகாராணி. அசையாத தாங்கியில் பொருத்தி, குறியும் பார்த்து வைத்திருந்த துப்பாக்கியின் விசையில் கட்டிய பட்டுக்கயிற்றை அவர் இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பால் குண்டு மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளிப் பதிந்தது. பாராட்டு அரசிக்குப் போனது. உண்மையில் அது ஜோசப் விட்வொர்த் என்ற மான்செஸ்டர் பொறியாளருக்குச் சேர வேண்டியது.

திருகாணிகளின் மரைக்கு ஒரு பொது அளவை வகுத்துக் கொடுத்தவர் விட்வொர்த். அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் இருந்தது என்ஃபீல்டு துப்பாக்கி. 1857 கிளர்ச்சியின்போது கொழுப்புத் தடவிய தோட்டாவால் இந்தியாவெங்கும் பேசப்பட்டதும் அதுவே. குண்டைச் சுழலவைப்பதற்காக அதன் குழலுக்குள் வெட்டிய புரி, 78 அங்குல நீளத்துக்கு ஒரு சுற்றுதான் சுற்றியது. விட்வொர்த் அந்தச் சுற்றை 20 அங்குலத்துக்குள் இறுக்கினார். குழலின் விட்டத்தை அரை அங்குலத்துக்கும் கீழே குறைத்தார். துளையை அறுகோணமாகக் கடைந்தார். குட்டையான தடித்த குண்டுக்குப் பதிலாக நீண்டு மெலிந்த குண்டு வந்தது. அது வேகமாகச் சுழன்றது, காற்றில் தள்ளாடவில்லை. சோதனைகளில் என்ஃபீல்டு தடுமாறிய தூரங்களிலும் விட்வொர்த் குறி தவறவில்லை. விலை அதிகம், குழலில் கரி சீக்கிரம் அடைகிறது என்ற காரணங்களால் ராணுவம் அதை ஒதுக்கியது. போட்டியாளர்கள் அள்ளிக்கொண்டார்கள். பிறகு வில்லியம் மெட்ஃபோர்டு என்ற பொறியாளர், ஆழமற்ற புரியும் கடினப்படுத்திய ஈயக் குண்டும் போதும் என்று காட்டினார். அந்த வழியில் போனவர்தான் டப்ளினின் ஜான் ரிக்பி. அவர் துப்பாக்கிப் பட்டறைக்காரர் மட்டுமல்ல, அயர்லாந்து அணியில் நின்று சுட்டவரும்கூட.

இவை எல்லாமே வாய்வழித் துப்பாக்கிகள். நம் மலைக்கிராமங்களின் நாட்டுத் துப்பாக்கி போலவே, குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் கெட்டித்துச் சுட வேண்டும். பின்புறம் திறந்து தோட்டாவைச் செருகும் துப்பாக்கிகள் அப்போது வந்துவிட்டன. படைகளும் அவற்றுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனாலும் குறிபார்ப்பவர்கள் அவற்றை நம்பவில்லை. அதற்குக் காரணம் பழமைப்பற்று மட்டுமல்ல. வாய்வழித் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை குண்டைக் கீழே தள்ளும்போதும், முந்தைய வெடியின் கரியும் சேர்ந்து கீழே போகும்; அதனால் எல்லாக் குண்டும் ஒரே மாதிரியான குழலைக் கடக்கும். பின்வழித் துப்பாக்கியில் கரி அப்படியே தங்கும். பத்தாவது குண்டு கடக்கும் குழல், முதல் குண்டு கடந்த குழலாக இருக்காது. அது போதாதென்று, தோட்டாவிலிருந்து கிளம்பும் குண்டு புரிக்குள் நுழையும் கணத்தில் சற்றே சாய்ந்தாலும் ஆயிரம் கெஜத்தில் அது பல அடி விலகலாகிவிடும்.

அமெரிக்காவில் குறிபார்த்தலை வளர்க்க 1871இல்தான் ஒரு சங்கம் அமைந்தது. உள்நாட்டுப் போரில் தங்கள் சிப்பாய்கள் சுட்ட லட்சணத்தைப் பார்த்து நொந்துபோன வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் என்ற இரு அதிகாரிகள் அதைத் தொடங்கினார்கள். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் க்ரீடு குடும்பத்தாரின் சுமார் 70 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கினார்கள். க்ரீட்மோர் என்று பெயரிட்ட அந்தத் திடல் 1873 ஜூனில் திறக்கப்பட்டது. லீச்சின் சவால் வந்தபோது அதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

ரெமிங்டன், ஷார்ப்ஸ் என்ற இரு நிறுவனங்களை விங்கேட் அணுகினார். நெடுந்தூரத் துப்பாக்கி செய்து தர இரண்டும் முன்வந்தன. இரண்டுமே பின்வழித் துப்பாக்கி செய்பவை. அடிப்படையில் ஒன்று படைத் துப்பாக்கி, மற்றொன்று எருமை வேட்டைக்காரர்களின் ஆயுதம். ரெமிங்டனில் பொறுப்பேற்றுச் செய்தவர் எல். எல். ஹெப்பர்ன். துப்பாக்கியை வடிவமைத்ததோடு நிற்காமல் அணியிலும் சேர்ந்தார். ஆக, 1874இல் இரு தரப்பிலும் தான் செய்த துப்பாக்கியைத் தானே தோளில் வைத்துச் சுட்ட ஒருவர் இருந்தார்.

இரண்டு துப்பாக்கிகளும் வேலை செய்யும் விதம் வேறு. ரெமிங்டனில் குதிரை எனப்படும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, அடுத்து குழலை அடைத்து நிற்கும் எஃகுக் கட்டியையும் பின்னுக்கு உருட்ட வேண்டும். குழலின் பின்வாய் திறந்துகொள்ளும். தோட்டாவைச் செருகி, கட்டியை முன்னால் உருட்டினால் மூடிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் முன்னே பாயும் குதிரையின் அடிப்பாகம் அந்தக் கட்டிக்குக் கீழே புகுந்து முட்டுக்கொடுக்கும். ஆகவே வெடியின் அழுத்தம் எவ்வளவு பலமாகப் பின்னால் தள்ளினாலும் பூட்டு திறக்காது. ஷார்ப்ஸில் விசைக் காப்பே நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் கனத்த எஃகுக் கட்டி செங்குத்தாக இறங்கும். தோட்டாவை வைத்து நெம்புகோலை மேலே ஏற்றினால் அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் பெரிய குதிரை. அது பாய்ந்து ஊசியைத் தட்டச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் கை அசைந்தால் குறி போயிற்று.

குறிபார்க்கும் கருவிகள் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தன. தொலைநோக்கிக் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. பூட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பித்தளைச் சட்டத்தில் ஊசித்துளை போன்ற பார்வைத்துளை. அதை மயிரிழை மயிரிழையாக ஏற்றியிறக்க வெர்னியர் அளவுகோல். குழலின் முனையில் காற்றுக்கேற்ப இடம் வலம் நகர்த்தும் திருகு. அதன் கீழேயே, துப்பாக்கி சாயாமல் இருக்கிறதா என்று பார்க்கக் குட்டி ரசமட்டம். துப்பாக்கியின் எடை 10 பவுண்டைத் தாண்டக் கூடாது. விசை குறைந்தது 3 பவுண்டு இழுவைக்குத்தான் அசைய வேண்டும்.

கரிப் பிரச்சினைக்கு அமெரிக்கர்கள் கண்ட தீர்வு எளிமையானது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைத்துவிடுவது. பின்புறம் திறந்த குழல் என்பதால் அது சுலபமாயிற்று. குழல் சுத்தமானதும், காகிதம் சுற்றிய நீண்ட குண்டுக்குத் தடையில்லாத பாதை கிடைத்தது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் இடையே நிதானமாக வேலை பார்க்க நேரம் இருந்தது. அடுக்கிச் சுடும் வேகம் இந்தப் போட்டிக்குத் தேவையே இல்லை.

1874 செப்டம்பர் 26 அன்று க்ரீட்மோரில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடினார்கள். அணிக்கு 6 பேர். தூரத்துக்கு 15 குண்டு. இலக்கு ஓர் இரும்புத் தகடு. அதன் மையக் கட்டத்தில் பட்டால் 4 புள்ளி, அடுத்ததில் 3, விளிம்பில் 2. அயர்லாந்துக்காரர்கள் குப்புறப் படுத்துச் சுட்டார்கள். அமெரிக்கர்களில் ஹென்றி ஃபுல்ட்டன் மல்லாந்து படுத்து, கால்களை இலக்கின் பக்கம் நீட்டி, துப்பாக்கியைத் தன் காலின் மேலேயே சாய்த்துவைத்துச் சுட்டார். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் மொத்தப் போட்டியிலும் அதிகப் புள்ளி அவருக்கே: 180க்கு 171.

800 கெஜத்தில் அமெரிக்கா 326, அயர்லாந்து 317. தூரம் கூடக்கூட நிலைமை மாறியது. 900 கெஜத்தில் அயர்லாந்து 312, அமெரிக்கா 310. ஆயிரம் கெஜத்திலும் அயர்லாந்தின் கையே ஓங்கியது. கடைசியில் அயர்லாந்து 931இல் முடித்துவிட்டது. 930இல் நின்ற அமெரிக்காவுக்கு மிச்சம் ஒரே ஒரு குண்டு. அதைச் சுட வேண்டியவர் கர்னல் ஜான் போடின். சற்று முன்புதான் அவர் கையிலிருந்த இஞ்சி பியர் பாட்டில் உடைந்து உள்ளங்கை கிழிந்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார். குண்டு மையத்தில் பட்டதற்கு அடையாளமாக வெள்ளைத் தட்டு எழுந்தது. அமெரிக்கா 934.

வெற்றிக்கு முழுக் காரணம் துப்பாக்கிதான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அயர்லாந்தின் மில்னர் சுட்ட ஒரு குண்டு மையத்தில்தான் பட்டது. ஆனால் பக்கத்து இலக்கின் மையத்தில். விதிப்படி அதற்குப் பூஜ்யம். அந்த 4 புள்ளி சேர்ந்திருந்தால் கணக்கு 935 ஆகியிருக்கும்; ஒரு புள்ளியில் அயர்லாந்து வென்றிருக்கும். பின்வழித் துப்பாக்கிகளுக்கு இடையிலும் வித்தியாசம் இருந்தது. ரெமிங்டனால் சுட்ட மூவர் சேர்ந்து 478, ஷார்ப்ஸால் சுட்ட மூவர் 456. அயர்லாந்து அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டறைக்கு உரிமையாளரான ரிக்பி: 163. இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் அன்று அவரை மிஞ்சியவர் ஃபுல்ட்டன் ஒருவரே.

சந்தேகம் தீர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. 1875இல் டப்ளினுக்கு அருகே டாலிமவுண்டில் நடந்த மறுபோட்டியில் அமெரிக்கா ஏறத்தாழ நாற்பது புள்ளி முந்தியது. 1876இல் ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா அணிகளும் சேர்ந்த பால்மா கோப்பைப் போட்டியில் அயர்லாந்தை 22 புள்ளியில் வென்றது. 1877இல் பிரிட்டனின் கூட்டணி க்ரீட்மோருக்கு வந்து 92 புள்ளி வித்தியாசத்தில் தோற்றுத் திரும்பியது. அதன் பிறகு பிரிட்டிஷ் போட்டியாளர்களும் வாய்வழித் துப்பாக்கியைக் கைவிடத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தின் ஜான் ஃபார்குவர்சன் 1872இல் காப்புரிமை பெற்றிருந்த பின்வழிப் பூட்டும் மெட்ஃபோர்டின் புரியும் சேர்ந்து பிரிஸ்டலின் கிப்ஸ் பட்டறையில் புதிய துப்பாக்கியாயின. ஜான் ரிக்பியோ 1887இல் என்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில் அங்கே உற்பத்தியானது லீ-மெட்ஃபோர்டு: பெட்டியில் தோட்டாக்களை அடுக்கிவைத்து அடுத்தடுத்துச் சுடும் ரைஃபிள்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் முற்றிலும் வேறு வகைப் போட்டி ஒன்று தழைத்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் ஷூட்ஸன் என்ற தங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்க மரபைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பூங்கா, பாண்டு வாத்தியம், பீர், குடும்பம் குட்டிகள். நடுவே 200 கெஜத்துக்குப் போட்டி. தூரம் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே படுப்பதற்கு இடமில்லை, நின்றபடிதான் சுட வேண்டும். இலக்கில் 25 புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் ஒன்றரை அங்குலம்.

விதி மாறியதும் துப்பாக்கியின் உருவமே மாறிவிட்டது. படுத்துச் சுடுபவருக்குத் தரை தாங்கும். நிற்பவருக்குத் துப்பாக்கியின் கனமே துணை, கனமான குழல் கையின் நடுக்கத்தை விழுங்கிக்கொள்ளும். அதனால் க்ரீட்மோரின் 10 பவுண்டு கட்டுப்பாடு இங்கே எடுபடவில்லை. கட்டையின் முடிவில் தோளைக் கவ்விக்கொள்ளும் கொக்கி வந்தது. இடது கை தாங்க, குழலுக்குக் கீழே குமிழ் வைத்த பிடி வந்தது. விசை இரண்டாயிற்று: ஒன்றை இழுத்துத் தயார் செய்துகொண்டால், மற்றது தொட்டாலே விழும். தூரம் குறைந்ததால் பெரிய மருந்தும் பெரிய உதையும் வேண்டாதவையாயின. நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் வலிக்காத '.32-40' போன்ற மெல்லிய தோட்டாக்கள் மவுசு பெற்றன. மார்லின் நிறுவனம் செய்த பல்லார்டு துப்பாக்கி இந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. அதன் ஒரு வகைக்கு, நியூஜெர்சியின் ஷூட்ஸன் பூங்கா இருந்த யூனியன் ஹில் ஊரின் பெயரையே வைத்தார்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்து வின்செஸ்டர் 1885இல் வெளியிட்ட ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியும் கூடவே பேர் வாங்கியது.

ஷூட்ஸன்காரர்கள் பழையதையும் முழுக்கத் தூக்கி எறியவில்லை. ஹாரி போப் என்ற குழல் வல்லுநர் வாய்வழியையும் பின்வழியையும் ஒரே துப்பாக்கியில் சேர்த்தார். மருந்து நிறைத்த தோட்டாவைப் பின்புறம் செருகுவது. குண்டை மட்டும் வாயிலிருந்து கீழே தள்ளிக் கொண்டுவந்து தோட்டாவுக்குச் சற்று முன்னால் நிறுத்துவது. அப்படித் தள்ளும்போது குழலின் வாய் தேயாமலும் குண்டின் அடி சிதையாமலும் இருக்க, வாயின் மேல் பொருத்தி எடுக்கும் ஒரு பொய்வாய்த் துண்டு இருந்தது. அதற்கு 1840இல் காப்புரிமை வாங்கியவர் ஆல்வன் கிளார்க். பிற்காலத்தில் அமெரிக்காவின் மாபெரும் தொலைநோக்கிகளுக்கு வில்லை தீட்டிய அதே கிளார்க்தான். குண்டின் அடிப்பகுதி ஒழுங்காக இருந்தால் போதும், மூக்கு கொஞ்சம் சிதைந்தாலும் பெரிய கெடுதல் இல்லை என்பதை டாக்டர் ஃபிராங்க்ளின் மான் பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பிறகு 1909இல் புத்தகமாகவே எழுதினார். போப் அதைக் கைப்பழக்கத்தில் முன்பே அறிந்திருந்தார். 1901 மே மாதம் கொலராடோவில் சி. டபிள்யூ. ரோலண்டு என்பவர் போப் குழலைத் தாங்கியில் வைத்து 200 கெஜத்தில் பத்துக் குண்டு சுட்டார். பத்தும் முக்கால் அங்குலத்துக்குள் அடங்கின.

இந்தக் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. புகையில்லா மருந்து வந்தது. தோட்டாப் பெட்டி வைத்த படைத் துப்பாக்கிகள் வந்தன. அரசு ஆதரவுப் போட்டிகள் அவற்றின் பக்கம் சாய்ந்தன. ஷார்ப்ஸ் நிறுவனம் 1880களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. மார்லின் 1890களின் தொடக்கத்தில் பல்லார்டை நிறுத்திவிட்டது. போப் சான் ஃபிரான்சிஸ்கோவில் புதிதாகத் திறந்த பட்டறை 1906 பூகம்பத்தில் அழிந்தது. அவர் பின்னர் நியூஜெர்சியில் தொழிலைத் தொடர்ந்தார். க்ரீட்மோர் திடல் 1907இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் பின்னர் மனநல மருத்துவமனை எழுந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் கொண்ட எதையும் அமெரிக்கா சந்தேகத்தோடு பார்த்தபோது ஷூட்ஸன் சங்கங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

ஆர்வலர்கள் சிலர் 1948இல் அமெரிக்க ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிச் சங்கத்தை அமைத்தார்கள். 1985இல் நியூமெக்சிகோவின் ராட்டனில் கரும் வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கென்றே ஒரு தேசியப் போட்டி பிறந்தது. இரும்பில் வெட்டிய உருவங்களைச் சுட்டுச் சாய்க்க வேண்டும்: 200 மீட்டரில் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் செம்மறிக் கிடா. 1990இல் வந்த 'குவிக்லி டவுன் அண்டர்' படத்தில் டாம் செல்லக் ஏந்திய நீண்ட ஷார்ப்ஸ், புதிய தலைமுறை ஒன்றை இந்தப் பக்கம் இழுத்தது. மொன்டானாவின் ஃபோர்ஸைத்தில் அந்தப் பாத்திரத்தின் பெயரிலேயே போட்டி நடக்கிறது. அதே மாநிலத்தின் பிக் டிம்பர் ஊரில் ஷைலோ பட்டறை பழைய ஷார்ப்ஸை அச்சு அசலாக வடிக்கிறது. இத்தாலியின் பெடர்சோலி நிறுவனமோ ஷார்ப்ஸ், ரெமிங்டன் இரண்டின் மறுபதிப்புகளையும் விற்கிறது.

இன்று துப்பாக்கி வாங்கப் போகிறவருக்கும் 1874இன் கேள்விகளே மிச்சம். உருவப் போட்டியின் விதி 12 பவுண்டு 2 அவுன்ஸுக்கு மேல் எடையை ஏற்காது. குதிரை வெளியே தெரிய வேண்டும். வடிவம் 1896க்கு முந்தையதாக இருக்க வேண்டும். இதிலேயே ஷூட்ஸனின் கனத்த துப்பாக்கிகள் கழிந்துவிடுகின்றன. 500 மீட்டரில் இரும்புக் கிடாவைத் தொட்டால் மட்டும் போதாது, அது விழ வேண்டும். அதற்குக் கனத்த குண்டு வேண்டும் என்பதால் '.45-70' தோட்டாவுக்கு ஆதரவு அதிகம். ஆனால் 200 மீட்டரில் நின்றபடி சுட வேண்டிய கோழிக்கு அந்த உதையே எதிரி, ஆகவே '.40-65'ஐ நாடுகிறவர்களும் உண்டு. கரியின் தொல்லையும் தொடர்கிறது. வெடித்ததும் பலர் பூட்டைத் திறந்து, ஒரு குழாயைப் பின்வாயில் செருகி, சில முறை நிதானமாக ஊதுகிறார்கள். மூச்சின் ஈரத்தில் கரி இளகி, அடுத்த குண்டுக்கு வழிவிடுகிறது. ஷார்ப்ஸா ரெமிங்டனா என்ற சண்டை சாப்பாட்டு மேசைகளில் நடக்கிறது. வென்றவர்கள் கையில் இரண்டும் இருந்திருக்கின்றன.

கரும்மருந்தும் பித்தளைச் சட்டமும் தெரியாதவர்களின் கையிலும் இந்த மரபின் ஒரு துண்டு இருக்கிறது. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குண்டைக் கையால் இட்டுத்தான் சுட வேண்டும். பெட்டியில் அடுக்கிவைத்துச் சுட விதி இடம் தராது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கும் அதே விதிதான்.